புத்தளக் கரையோரத்திற் கொரிய மொழி: தொடக்கநிலைக் கற்றல் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு சமூகத்தினர் தமக்கு முன்பின் தொடர்பில்லாத ஒரு மொழியைக் கற்கத் தொடங்குவரேல், அதற்கான காரணத்தை அம்மொழியின் இனிமையிலோ கற்போரின் தனிப்பட்ட ஆர்வத்திலோ மட்டும் தேடுவது போதாது. மொழி கற்றல் ஒரு சமூக நடவடிக்கை. உற்பத்தி உறவுகளில் ஏற்படும் மாற்றங்களே எந்த மொழியை யார் கற்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

புத்தளக் கரையோரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை நீளும் இக்கரைக்கு அறபு, போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் வணிகத்தோடும் சமயத்தோடும் ஆட்சியோடும் வந்து சேர்ந்தன. தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ் மரபு இலங்கை முஸ்லிம்களிடையே நெடுங்காலம் வழங்கிற்று. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய விவரத் திரட்டொன்றையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஆட்சியாளரின் மொழி அன்று உத்தியோகத்தின் திறவுகோலாயிருந்தது. சென்ற நூற்றாண்டிலே சிலாபக் கரையிற் பாடசாலையினதும் தேவாலயத்தினதும் மொழி மாறியபோது, தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் பலர் சில தலைமுறைகளுள் சிங்களம் பேசுவோராயினர். வென்னப்புவப் பகுதியினர் இத்தாலிக்குச் சென்று இத்தாலிய மொழியைப் பழகினர். வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றோர் அங்குள்ள சமையலறைகளில் அறபுப் பேச்சைக் கற்றனர். இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்திருப்பது கொரிய மொழி.

இக்கட்டுரை இரு வினாக்களை முன்வைக்கிறது. கொரிய மொழியைப் புதிதாகக் கற்கும் தமிழ்பேசும் இளைஞனுக்கு அவனது தாய்மொழி எவ்வகையில் உதவக்கூடும்? அவன் அம்மொழியில் எதைக் கற்கவேண்டும், எதைக் கற்கவேண்டாம் என்பதைத் தீர்மானிப்பவர் யாவர்? முதலாவது மொழியியல் வினா. இரண்டாவது வர்க்க வினா. இரண்டையும் பிரித்துப் பார்த்தல் இயலாது என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

1. உழைப்புச் சந்தையும் மொழிப் பரீட்சையும்

தென்கொரியா 1993 முதல் அந்நியத் தொழிலாளரைப் 'பயிலுநர்' என்ற பெயரில் வரவழைத்தது. பயிலுநர் என்ற பெயர், தொழிலாளிக்குரிய உரிமைகளை மறுப்பதற்கு வசதியாயிருந்தது. எதிர்ப்புகளின் விளைவாக 2003 ஓகத்தில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2004 ஓகத்தில் தொழில் அனுமதி முறைமை நடைமுறைக்கு வந்தது. அம்முறைமையில் முதன்முதலாக இணைந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தரகரை விலக்கி அரசுக்கும் அரசுக்குமிடையே ஒப்பந்தம் செய்வது அதன் சிறப்பியல்பு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே அதனை நடத்துகிறது. கைத்தொழில், கட்டடவேலை, வேளாண்மை, மீன்பிடி ஆகிய துறைகளில் முதலில் மூன்றாண்டும், பின்னர் நீடிப்பாக ஓராண்டு பத்து மாதமும் வேலை செய்யலாம். இதற்கு முதல் நிபந்தனை கொரிய மொழிப் பரீட்சையில் தேறுதல்.

இளைஞர் இதனை நாடுவதன் காரணம் வெளிப்படை. 2025இல் தென்கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். சட்டப்படி அந்நியத் தொழிலாளிக்கும் அதுவே அளவு. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்ததைத் தொடர்ந்து ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததும், மண்ணெண்ணெய் விலையேற்றம் சிறு படகு மீனவரைத் தாக்கியதும் நினைவுகூரத்தக்கவை. உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலைத் தொழில் பங்கு முறையில் அமைந்தது. சம்மாட்டிக்கு ஒரு பகுதி, வலை இழுத்தோர்க்கு ஒரு பகுதி எனப் பிடிபட்டதைப் பகிர்வதே வழக்கம். அம்பாப் பாடலோடு வலை இழுத்த கைகள் இன்று மணிக்கணக்கிற் கூலி பெறும் கைகளாக மாற முனைகின்றன. அம்மாற்றத்தின் வாயிலில் நிற்பதே கொரிய அரிச்சுவடி.

இதற்கு நேர்மாறான நிலையையும் ஒப்புநோக்கலாம். தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஹூண்டாய் நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலே ஆலை அமைத்தது. பின்னர் சாம்சங்கும் வந்தது. 2024 செப்டெம்பரில் சாம்சங் தொழிலாளர் தொழிற்சங்க அங்கீகாரம் கோரி ஒரு மாதத்துக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் தம் கோரிக்கையைத் தமிழிலேயே முழங்கினர். மூலதனம் உழைப்பைத் தேடி வருமிடத்துத் தொழிலாளி தன் மொழியிலே நின்று போராடலாம். உழைப்பு மூலதனத்தைத் தேடிச் செல்லுமிடத்து முதலிற் பறிபோவது அவன் மொழியே. கொரிய மொழி கற்றல் புத்தளத்திலே ஏன் இத்துணை முக்கியத்துவம் பெறுகிறதென்பது இவ்வேறுபாட்டினால் விளங்கும்.

2. எழுத்தும் ஒலியும்

கொரிய எழுத்தான ஹங்குல் 1443இல் செஜோங் மன்னரின் முயற்சியால் ஆக்கப்பட்டு 1446இல் வெளியிடப்பட்டது. அதற்குமுன் அங்கு எழுத்தென்பது சீன எழுத்தே. அதனைக் கற்க ஆண்டுகள் பல வேண்டியிருந்தமையால் எழுத்தறிவு பிரபுக்களின் தனியுடைமையாயிற்று. பொதுமக்கள் தம் கருத்தை எழுதவேண்டும் என்ற நோக்கோடு ஆக்கப்பட்ட புதிய எழுத்தை அரசவைப் புலவர் சிலர் 1444இலேயே எதிர்த்தனர். அரச ஆவணங்களில் அது உரிய இடத்தைப் பெற்றது 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் பின்னரே. 1910 முதல் 1945 வரை நீடித்த யப்பானிய ஆட்சியின் பிற்பகுதியிற் கொரிய மொழியே பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டது. 1942இற் கொரிய மொழிச் சங்கத்தைச் சேர்ந்த அறிஞர்கள் கைதாயினர். தொடக்கநிலை மாணவன் ஒரு வாரத்திற் கற்றுவிடக்கூடிய இருபத்து நான்கு எழுத்துக்களின் பின்னால் இத்துணை நீண்ட போராட்டம் உண்டு.

இனி ஒலிகளை நோக்குவோம். தமிழ் மாணவனுக்கு இங்கு எதிர்பாராத வசதிகள் உள. தமிழில் ககரம் ஒன்றே. ஆயினும் 'கல்' என்பதில் ஒருவகையாகவும், 'பங்கு' என்பதில் வேறுவகையாகவும் ஒலிக்கிறது. இடமே ஒலிப்பை நிர்ணயிக்கிறது. கொரிய மொழியின் இயல்பும் இதுவே. உப்பைக் குறிக்கும் 'சொகும்' என்ற சொல்லில் ககரம் உயிர்களிடையே வருவதால் மெலிந்தொலிக்கும். வலையைக் குறிக்கும் 'குமுல்' என்ற சொல்லில் அதே எழுத்து முதலில் வருவதால் வன்மையாக ஒலிக்கும். இவ்விரு ஒலிக்கும் இரண்டு எழுத்துக்களை வைத்திருக்கும் ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவன் இதனை ஒரு விதிவிலக்காக மனனஞ் செய்கிறான். தமிழனுக்கோ அது பழகிய வழக்கு.

இதனினும் நுட்பமானது மேற்கூறிய இரு சொற்களிலும் வரும் உகரம். இதழ் குவியாது ஒலிக்கும் இவ்வுயிர் பிறமொழியாளர் பலரை இடர்ப்படுத்துவது. ஆயின், தொல்காப்பியர் சார்பெழுத்துக்களுள் ஒன்றாக வகுத்த குற்றியலுகரம் இதற்கு மிக அண்மையானது. 'உப்பு', 'காற்று' என்னும் சொற்களின் ஈற்றுகரத்தைச் சொல்லி, அதனைச் சொல்லின் இடையிலே வைத்துப் பழகுமாறு மாணவனுக்குக் காட்டினாற் போதும்.

இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. கொரியத்தில் வல்லினம் மூவகைப்படும்: இயல்பானது, இறுகியது, மூச்சோடு வருவது. இறுகியதற்குத் தமிழின் இரட்டித்த வல்லினம் ஓரளவு வழிகாட்டும். மூச்சொலியைப் புதிதாகவே கற்கவேண்டும். மூச்சொலிப் பகரத்தோடு 'புல்' என்றால் புல். இயல்பான பகரத்தோடு சொன்னால் தீ. இறுக்கிச் சொன்னாற் கொம்பு. புல்லுக்குப் புல் என்றே சொல்கிறார்களே என்று மகிழ்ந்து தமிழிற் போலவே ஒலிக்கும் மாணவன், கேட்பவர் காதில் தீ என்றோ கொம்பு என்றோ சொன்னவனாகிறான்.

3. தொடரும் வினையும்

தொடக்கநிலைக்குரிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'தொங்செங்-இ பதா-எசொ குமுல்-உல் தங்க்யொயோ.' இதன் பொருள் 'தம்பி கடலில் வலையை இழுக்கிறான்' என்பது. எழுவாய், இடம், செயப்படுபொருள், வினை என்ற வரிசை இரு மொழியிலும் ஒன்றே. தமிழின் 'இல்' நிற்குமிடத்தில் 'எசொ'. 'ஐ' நிற்குமிடத்தில் 'உல்'. பெயரின் பின்னே உருபு ஒட்டுவதும், வினை இறுதியில் நிற்பதும், 'வலை இழுத்த மனிதன்' என்பதுபோற் பெயரெச்சம் பெயருக்கு முன்னே வருவதும் பொதுவானவை. 'என்று' எனத் தமிழிற் கூற்றை முடிப்பதற்கு இணையான இடைச்சொல்லும் அங்கு உண்டு.

துணைவினைகளில் ஒப்புமை மேலும் வியப்பூட்டும். உண்ணுதலைக் குறிக்கும் வினையோடு 'இரு' என்னும் பொருளுடைய வினை சேர்ந்து 'மொக்கொ இத்தா' ஆனால், அது 'உண்டுகொண்டிரு'. 'பார்' என்னும் பொருளுடைய வினை சேர்ந்து 'மொகொ பொதா' ஆனால், அது 'உண்டு பார்'. 'செய்து கொடு', 'செய்து வை' என்பவற்றுக்கும் அவ்வாறே 'கொடு', 'வை' என்னும் பொருளுடைய வினைகள் வந்து சேர்கின்றன. ஆங்கில வழியிற் கற்பவனுக்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். தமிழ் மாணவனுக்கு ஒரே பாடம். சிங்களமும் தொடரமைப்பில் தமிழோடு பெரிதும் ஒத்ததே. ஆதலின் சிங்கள மாணவனுக்கும் இவ்வசதிகளிற் பல உண்டு. ஆயின் நாட்டின் கொரிய வகுப்புகள் பெரும்பாலும் சிங்கள மொழிமூலம் நடைபெறுகையில், உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ வரும் தமிழ்மொழிமூல மாணவன் ஒரு மொழியைக் கற்பதற்கு முன்னர் இன்னொரு மொழியைக் கடக்கவேண்டியவனாகிறான். அவனிடத்தே ஏற்கெனவே உள்ள இலக்கண அறிவு பயன்படாமற் போகிறது.

முக்கியமான வேறுபாடொன்றையும் குறிப்பிடவேண்டும். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். கொரிய வினைமுற்று இவற்றுள் ஒன்றையும் காட்டாது. புத்தளத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு மீனவரின் தமிழிற் சிங்களத் தொடர்பினால் இவ்விகுதிகள் மறைந்திருப்பதை மொழியியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அத்தகைய தமிழைப் பேசுவோர்க்கு இது புதிதன்று. ஆனாற் கொரிய வினையின் ஈறு வெறுமையாக இல்லை. பேசுபவனுக்கும் கேட்பவனுக்குமிடையே உள்ள சமூகத் தூரத்தை அது காட்டுகிறது. மழை பெய்கிறது என்பதைச் சிறியவனிடம் 'பிகா வா' என்றும், மரியாதையாக 'பிகா வாயோ' என்றும், மேலும் முறைமையாக 'பிகா ஒம்நிதா' என்றும் கூறவேண்டும். தமிழகத்துப் பேச்சிலே 'மழை பெய்யுதுங்க' என்பது இதனை ஒத்தது. மழை யாவர்க்கும் ஒன்றே. ஆயினும் மழையைப் பற்றிப் பேசும்போதுகூட மேல் கீழ் பார்த்தே வாக்கியத்தை முடிக்கவேண்டியுள்ளது. படிநிலைச் சமுதாயம் தன் சுவட்டை இலக்கணத்திலேயே பதித்துச் சென்றிருக்கிறது.

4. உறவு தேடலின் எல்லை

இவ்வொப்புமைகளைக் கண்டவுடன் இரு மொழியும் ஒரே குடும்பத்தவை என்று முடிவுகட்டும் ஆர்வம் எழுவது இயல்பு. அமெரிக்க மதபோதகரான ஹோமர் ஹல்பேர்ட் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலெழுதினார். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பேராசிரியர் சுசுமு ஓனோ ஆராய்ந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்துழைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யுசா' கூறும், கடல்கடந்து வந்த அரசியின் கதையைத் தமிழகத்தோடு இணைத்துப் பேசுவோரும் உளர்.

மொழிக்குடும்ப உறவை நிறுவுவதற்கு முறையான ஒலி இணைவுகள் வேண்டும். கொரியத்துக்கும் திராவிடத்துக்குமிடையே அவ்வாறான உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. வினை இறுதியில் வரும் மொழிகளிற் பின்னுருபும் முன்னடையும் சேர்ந்து காணப்படுவது உலகெங்கும் உள்ள பொதுநிலை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தையின் முதலொலிகளிற் பிறப்பவை. ஒப்புமை கற்பித்தலுக்குப் பயன்படும் கருவி. பெருமைக்குரிய பரம்பரைச் சொத்தன்று. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அரசியொருத்தியின் கப்பலைப் பற்றி நாம் காட்டும் அக்கறையிற் சிறு பங்கையேனும் இன்று விமானமேறும் மீனவன்மீது காட்டினோமா என்பது சிந்தித்தற்குரியது.

5. கேட்கும் மொழியும் பேசும் மொழியும்

தொழிலாளருக்கான மொழிப் பரீட்சையில் நாற்பது வினாக்கள். இருபது படித்தலுக்கு, இருபது கேட்டலுக்கு. தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்தலே வேலை. பேச்சும் எழுத்தும் அதில் இல்லை. பின்னர் நடைபெறும் திறன் தேர்வில் நேர்முகம் இடம்பெற்றாலும், அங்கு முதன்மை பெறுவன உடல் வலுவும் தொழிற் பொருத்தமுமே. இதனைப் பொதுவான கொரிய மொழித் தகைமைத் தேர்வோடு ஒப்பிடுக. பல்கலைக்கழகப் படிப்பை நாடுவோர் எழுதும் அதன் உயர்நிலைத் தேர்வில் எழுத்துத் திறனும் அளக்கப்படுகிறது. மாணவன் கருத்தை வெளியிடவேண்டியவன். தொழிலாளி கட்டளையை விளங்கிக்கொள்ளவேண்டியவன் என்ற பாகுபாடு இத்தேர்வுகளின் அமைப்பிலேயே உறைந்துள்ளது.

தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட அறுபது பாடங்களைக் கொண்ட பாடநூலிற் கூலி, ஒப்பந்தம், தொழில் விபத்து பற்றிய பாடங்கள் இல்லாமலில்லை. ஆயின் பரீட்சை எதை அளக்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். ஆகவே மாணவன் 'எனக்குக் கை வலிக்கிறது' என்ற வாக்கியத்தை நான்கு விடைகளுள் இனங்காணப் பழகுகிறான். தன் வாயாற் சொல்லப் பழகுவதில்லை. வேலைத்தலத்தில் முதலில் அவன் காதில் விழும் சொற்களுள் ஒன்று 'பல்லி பல்லி': விரைவாக, விரைவாக. அங்கு அவனை நோக்கிப் பெரும்பாலும் பேசப்படுவது 'பன்மல்' எனப்படும் மரியாதையற்ற வடிவம். அவன் திருப்பிப் பேசவேண்டியதோ மரியாதை வடிவத்தில். 2004இற் கொரியத் தொலைக்காட்சியில் இலங்கைத் தொழிலாளியாக வேடமிட்ட ஒரு நகைச்சுவைப் பாத்திரம் புகழ்பெற்றது. முதலாளி கெட்டவர் என்று குறைபடுவதே அதன் வழக்கமான வசனம். மரியாதை விகுதிகளைத் தவறாது பொருத்தி முதலாளியைக் குறைகூறும் அவ்வாக்கியத்தைக் கேட்டு நாடே சிரித்தது. ஆனால் தொழிலாளியின் வாயிற் கொரிய மொழி குற்றச்சாட்டாகவும் ஒலிக்கக்கூடும் என்ற உண்மையை அச்சிரிப்பு மறைக்கவில்லை.

புத்தள மீனவனுக்கு இங்கு இன்னொரு பொருத்தமான செய்தி உண்டு. அவன் அறிந்த தொழில் மீன்பிடி. அத்துறையிலே வேலைக்குச் செல்வது இயல்பெனத் தோன்றும். ஆயின் கொரிய உழைப்பு நியமச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலைநேரம், இடைவேளை, விடுமுறை ஆகியவை பற்றிய விதிகளை வேளாண்மை, மீன்பிடி முதலிய தொழில்களுக்குப் பொருந்தாதவையாக்கியுள்ளது. வேலைத்தலத்தை மாற்றுவதற்கும் அனுமதி முறைமை கடுமையான வரையறைகளை விதிக்கிறது; முதல் மூன்றாண்டிலே மூன்று முறைக்கு மேல் பொதுவாக மாறவியலாது. இவற்றைத் தெரிந்திருத்தல் நூறு வினைச்சொற்களைத் தெரிந்திருத்தலினும் பயனுடையது.

ஆயினும் மொழி என்பது அதனைக் கற்பித்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதன்று. 2005இற் சோல் பகுதியிலே புலம்பெயர் தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பதிவு மறுக்கப்பட்டு, பத்தாண்டு வழக்காடி, 2015இல் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அது சட்ட ஏற்புப் பெற்றது. நேபாளியும் வங்காளியும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசுவதற்கு அவர்களுக்கிடையே உள்ள பொதுமொழி கொரியமே. கட்டளையைக் கேட்பதற்கென்று கற்பிக்கப்பட்ட மொழி ஒன்றுகூடுவதற்குரிய மொழியாக மாறுவதை இங்கு காண்கிறோம்.

6. பல்கலைக்கழகத்தின் பங்கு

1970 நவம்பர் 13ஆம் திகதி, சோல் நகரின் ஆடைத் தொழிற்கூடங்கள் நிறைந்த சந்தைப் பகுதியிலே, ஜொன் தேஇல் என்ற இருபத்திரண்டு வயதுத் தொழிலாளி, உழைப்பு நியமச் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு கோரித் தீக்குளித்து இறந்தான். கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் திருப்புமுனையாகக் கருதப்படும் அந்நிகழ்ச்சியின் பின்னணியில், நம் விடயத்தோடு தொடர்புடைய ஒரு செய்தி உள்ளது. தான் படிக்க விரும்பிய சட்டநூல் சீன எழுத்துக்கள் மலிந்து கிடந்தமையால், போதிய பள்ளிக்கல்வி பெறாத அவன் அதனை விளங்கிக்கொள்ளப் பெரிதும் இடர்ப்பட்டான். தனக்குப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நண்பனாக இருந்திருக்கக்கூடாதா என்று அவன் ஏங்கியதாக அவனது வரலாறு கூறும். மக்களுக்காக எழுத்து ஆக்கப்பட்டு ஐந்து நூற்றாண்டு கடந்த பின்னரும், அவர்களின் உரிமை அவர்களால் வாசிக்க முடியாத எழுத்திலேயே இருந்தது. அதன் விளைவாக 1970களிலும் 80களிலும் கொரிய மாணவர் பலர் தொழிற்கூடங்களுக்கும் இரவுப் பள்ளிகளுக்கும் சென்றனர்.

நம் நாட்டிற் களனிப் பல்கலைக்கழகத்திலே கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. தமிழ்த் துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் தமிழ் இலக்கணத்தை நன்கறிந்தோர் உளர். தமிழ் வழியாகக் கொரியத்தைக் கற்பிக்கும் தொடக்கநூல் ஒன்றை இவர்கள் கூடி ஆக்குதல் அரிதன்று. அந்நூல் குற்றியலுகரத்திலிருந்தும் துணைவினையிலிருந்தும் தொடங்கலாம். கடல், வலை, உப்பு, படகு என இக்கரையோர மாணவன் அறிந்த பொருள்களின் பெயர்களை முதலிற் கற்பிக்கலாம். ஆனால் அதன் முதற் பத்துப் பாடங்களுக்குள்ளேயே 'எனக்கு விளங்கவில்லை', 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'இது ஆபத்தானது', 'கூலி குறைந்திருக்கிறது', 'மருத்துவரிடம் போகவேண்டும்', 'ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்' என்னும் வாக்கியங்கள் இடம்பெறவேண்டும். இனங்காண்பதற்காக அல்லாமற் பேசுவதற்கும் எழுதுவதற்கும் உரியனவாக. பரீட்சைக்கு வராதவை என்று வகுப்பறை ஒதுக்கும் வாக்கியங்கள் இவையே.

இத்தகைய நூல் குடிபெயர்வை ஊக்குவிக்குமென்ற ஆட்சேபம் எழலாம். புத்தளத்தின் கடலும் உப்பளமும் தம் மக்களுக்கு வாழ்வளிக்கும் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்புதலே நிரந்தரத் தீர்வென்பதில் ஐயமில்லை. ஆயின் அது கைகூடும்வரை செல்வோர் சென்றுகொண்டே இருப்பர். அவர்கள் ஊமைகளாகச் செல்லாதிருப்பதற்குத் துணைசெய்தல், மொழியைத் தொழிலாகக் கொண்ட நமது கடமையாகும்.